ஆங்கில மருந்தும் ஆயுர்வேதமும் சேர்த்து எடுப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் பிரஷர் மாத்திரை, ராத்திரி திரிபலா சூரணம், நடுவில் மூட்டுவலிக்கு ஒரு கஷாயம். இப்படி இரண்டு மருத்துவத்தையும் ஒரே உடம்பில் நடத்துபவர்கள் ஏராளம். அவர்களில் பலர் டாக்டரிடம் சூரணத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை, வைத்தியரிடம் எல்லா மாத்திரைகளின் பெயரையும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லாமல் விடுவதால் என்ன ஆகிறது, எதைச் சொன்னால் போதும் என்பதைத்தான் கீழே உள்ள கேள்விகளில் பேசியிருக்கிறேன். ஆயுர்வேதத்தை ஒதுக்கவும் இல்லை, தலையில் தூக்கி வைக்கவும் இல்லை.

இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா, கூடாதா?

எடுக்கலாம், பல நேரங்களில். ஆனால் "ஆயுர்வேதம்" என்பது ஒரு மருந்து இல்லை. வலிக்கு மேலே தடவும் தைலமும் ஆயுர்வேதம்தான், பாதரசம் சேர்ந்த ரச மருந்தும் ஆயுர்வேதம்தான். அதனால் கேள்வியைச் சுருக்கிக் கேட்க வேண்டும்: எந்த மருந்து, எந்த மாத்திரையோடு, யாருக்கு, எத்தனை நாளைக்கு? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் முடிவெடுப்பது பெரும்பாலும் சுலபம். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று தெரியாமல் மருந்து கொடுத்துக்கொண்டே போகும்போதுதான் சிக்கல்.

ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார்களே?

இந்த ஒரு நம்பிக்கையைத்தான் முதலில் சரிசெய்ய ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லாரும் இதை நம்பிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

மருந்துகள் இரண்டு இடங்களில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முதல் இடம் குடல். இசப்கோல் மாதிரி நார்ப்பொருள் குடலில் ஊறிக்கொண்டு பக்கத்தில் வரும் மாத்திரையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சங்கு பஸ்மம், முத்து பஸ்மம் போன்றவற்றில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. அது தைராய்டுக்கான தைராக்ஸின் மாத்திரையையும், டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இங்கே இடைவெளி வேலை செய்யும். இசப்கோலுக்கு 2 மணி நேரம், தைராக்ஸினுக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் நடுவே 4 மணி நேரம் விட்டால் போதும்.

இரண்டாவது இடம் ரத்தத்துக்குள் போன பிறகு. கல்லீரலில் உள்ள நொதிகள்தான் பெரும்பாலான மாத்திரைகளை உடைத்து வெளியே அனுப்புகின்றன. ஒரு மூலிகை அந்த நொதியை மந்தமாக்கினால் மாத்திரை உடம்பிலேயே தேங்கும். முடுக்கிவிட்டால் மாத்திரை சீக்கிரம் கரைந்து போகும். இது மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நடப்பது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பிரித்தாலும் இந்த மோதல் நடந்தே தீரும்.

ஒரு உதாரணம். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் எத்தனையோ ஆயுர்வேத மருந்துகளில் இருக்கிறது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற பொருள் வலிப்பு மாத்திரையான ஃபெனிடாயினின் அளவை ரத்தத்தில் ஏற்றக்கூடியது. இதய மாத்திரையான ப்ராப்ரனலால், ஆஸ்துமா மாத்திரையான தியோஃபிலின் ஆகியவற்றையும் அப்படியே. சங்கபுஷ்பி சிரப் இதற்கு நேர்மாறு. ஃபெனிடாயின் எடுத்து வலிப்பு கட்டுக்குள் இருந்த நோயாளிகளுக்கு, ஞாபகசக்திக்கென்று இந்த சிரப்பைச் சேர்த்த பிறகு மறுபடி வலிப்பு வந்ததை 1992ல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது. வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்ஸின், மனநோய்க்கான லித்தியம், உறுப்பு மாற்று செய்தவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விபரீதம்தான். இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகை மருந்தையும் உள்ளுக்கு எடுக்காதீர்கள்.

டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

சிலர் திட்டத்தான் செய்வார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதற்காகச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. "ஆயுர்வேதமும் எடுக்கிறேன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால்தான் பேச்சு வாக்குவாதமாகிறது. எழுதிக்கொண்டு போனால் பேச்சே வேறு மாதிரி போகும். ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: "காலை வெறும் வயிற்றில் தைராக்ஸின் 50 மைக்ரோகிராம். காலை உணவுக்குப் பின் ஆம்லோடிபின் 5 மில்லிகிராம். இரண்டு வேளையும் சாப்பாட்டுக்குப் பின் தசமூலாரிஷ்டம் 20 மில்லி, மூன்று வாரமாக. இரவு திரிபலா சூரணம் ஒரு ஸ்பூன், ஒரு வருடமாக. மூட்டுக்கு வைத்தியர் கொடுத்த பழுப்பு நிறப் பொடி, பெயர் தெரியாது." கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள், டாக்டர் முதலில் விசாரிக்க வேண்டியது அந்தப் பொடியைத்தான்.

இதே தாளை வைத்தியரிடமும் காட்டுங்கள். நல்ல வைத்தியர் மாத்திரைகளின் பெயரைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத்தான் மருந்தெழுதுவார்.

மூலிகைதானே, பக்க விளைவு எப்படி வரும்?

வேலை செய்கிற எதற்கும் பக்க விளைவு உண்டு. சர்ப்பகந்தா வேரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்தை நிஜமாகவே குறைக்கும். அதிலிருந்து 1952ல் பிரித்தெடுத்த ரெசர்பின் பல வருடங்கள் உலகம் முழுக்க பிரஷர் மாத்திரையாக இருந்தது. அதே ரெசர்பின் சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவந்தது. பிரஷர் மாத்திரையோடு சர்ப்பகந்தாவும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ வாய்ப்பு அதிகம்.

கல்லீரல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கஷாயத்தை வாரக்கணக்கில் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021ல் எழுதினார்கள். அவர்களில் பலருக்குத் தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோய் ஏற்கெனவே இருந்தது. அஸ்வகந்தா மாத்திரைகளாலும், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகளாலும் கல்லீரல் பாதித்த நோயாளிகளைப் பற்றியும் பதிவுகள் இருக்கின்றன. சமையலில் போடும் மஞ்சள் வேறு, அதன் சத்தை மட்டும் பிரித்து அடைத்த மாத்திரை வேறு. இப்படிக் கல்லீரல் பாதித்தவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனாலும் மூலிகை எடுக்கும் காலத்தில் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, காரணமில்லாமல் அரிப்பும் குமட்டலும் சோர்வும் வந்தாலோ, அன்றே மூலிகையை நிறுத்திவிட்டுக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

ஒரு மூலிகையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்: ஈஸ்வரமூலி. இதிலும் இதன் இனமான ஆடுதீண்டாப்பாளையிலும் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் வரவழைக்கும். எந்த வடிவத்திலும் உள்ளுக்கு எடுக்கக் கூடாது.

சர்க்கரை நோய் மாத்திரையோடு சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்காய் சாறு எடுக்கலாமா?

இவை சர்க்கரையை ஓரளவு குறைக்கலாம். அதனாலேயே கவனம் தேவை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவற்றோடு சேரும்போது சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடும். 1979லேயே, குளோர்ப்ரோபமைடு என்ற பழைய மாத்திரையோடு பாகற்காயும் சேர்ந்ததால் வந்த விளைவு மருத்துவ இதழில் வெளியாகியிருக்கிறது. திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, புரியாத எரிச்சல் எல்லாம் சர்க்கரை 70க்குக் கீழே போவதன் அறிகுறிகள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் குறைவு.

எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒழுங்காக எடுங்கள். ஒரு சமயத்தில் ஒரே மூலிகை, தினமும் ஒரே அளவு. முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் காலையிலும் சாப்பாட்டுக்குப் பின்னும் பார்த்து எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். அது இறங்கியிருந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். இறங்காவிட்டால் அந்த மூலிகை உங்களுக்கு வேலை செய்யவில்லை, விட்டுவிடலாம்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. அதைப் பார்த்து "ரத்தத்தில் சர்க்கரையும் இப்படித்தான் காணாமல் போகும்" என்று காட்டி விற்பவர்கள் உண்டு. நாக்கில் நடப்பதற்கும் ரத்தத்தில் நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ நிறையவே இருக்கும். அரிஷ்டத்திலும் ஆசவத்திலும் வெல்லம் போக, புளித்து உண்டான ஆல்கஹாலும் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், குடியை விட மாத்திரை எடுப்பவர்கள் எல்லாரும் இதை வைத்தியரிடம் சொல்லி, அதே மருந்தைக் கஷாயமாகவோ மாத்திரையாகவோ கேட்டு வாங்க வேண்டும். டைப் 1 சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலினுக்கு மாற்றாக எந்த மூலிகையும் கிடையாது. யார் சொன்னாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

ரத்த அழுத்தம், இதய நோய், கொலஸ்ட்ரால்?

மாத்திரை சரியாகச் சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால் அதிமதுரத்தைச் சந்தேகப்படுங்கள். இருமல் கஷாயம், தொண்டை மிட்டாய், வயிற்றுப் புண் சூரணம் என்று பல வேஷத்தில் உள்ளே வரும். நாள்பட எடுத்தால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றிவிடும். சிறுநீர் மாத்திரையோ டிகாக்ஸினோ எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைவது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். லவண பாஸ்கர சூரணத்தில் பெயரிலேயே உப்பு இருக்கிறது (லவணம் என்றால் உப்பு), அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ, ஸ்டென்ட் வைத்த பிறகு க்ளோபிடோக்ரெலோ எடுப்பவர்கள் மஞ்சள், பூண்டு, இஞ்சி ஆகியவற்றின் சத்து மாத்திரைகளைத் தவிர்ப்பது நல்லது. சமையலில் வருவது பரவாயில்லை.

கொலஸ்ட்ராலுக்குக் குக்குலு என்ற மரப்பிசின் நல்லது என்று வெகுநாளாகப் பேச்சு. 2003ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் குக்குலு எடுத்தவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை, கொஞ்சம் ஏறியது. போதாக்குறைக்கு அது ப்ராப்ரனலால், டில்டியாசெம் மாத்திரைகள் உடம்பில் சேர்வதையும் குறைக்கும். இதற்கு மாறாக இசப்கோல் கெட்ட கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள்?

அஸ்வகந்தாவும் குக்குலுவும் தைராய்டு சுரப்பைத் தூண்டக்கூடியவை. தைராக்ஸினோடு சேர்ந்தால் படபடப்பு, எடைக்குறைவு, தூக்கமின்மை வரலாம். தொடங்கினால் 6 வாரம் கழித்து டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பாருங்கள். தைராய்டு ஏற்கெனவே அதிகமாகச் சுரப்பவர்களுக்கு இரண்டும் வேண்டாம்.

மூட்டுவலிக்கு ஆயுர்வேதம் நல்லது என்கிறார்களே?

தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்ப்பது, ஒத்தடம், தசைப் பயிற்சி எல்லாம் தாராளமாக மாத்திரையோடு சேர்ந்து போகும். வலி மாத்திரையைக் குறைக்க முடிந்தால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் லாபம். இந்த இடத்தில் ஆயுர்வேதத்தை மனதார ஆதரிக்கிறேன். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் மட்டும் சூட்டை அடுத்தவர் கையால் சோதித்துவிட்டு ஒத்தடம் கொடுக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்கவே கூடாது, அது ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

முடக்குவாதம் வேறு. அது மூட்டையே அரித்துவிடும் நோய், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் அந்த அரிப்பைத் தடுக்கின்றன. ஆயுர்வேத சிகிச்சையை மெத்தோட்ரெக்சேட்டோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் கொடுத்து, 43 பேரிடம் 36 வாரம் நடத்திய ஆய்வு 2011ல் வெளியானது. இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆயுர்வேதத்தைக் கூட இவ்வளவு கறாராகச் சோதிக்க முடியும் என்று காட்டியதால் எனக்கு அது முக்கியமான ஆய்வு. ஆனால் 43 பேரை வைத்துக்கொண்டு மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தச் சொல்ல முடியாது.

கடைசியாக, அந்தப் பெயர் தெரியாத பொடி. பத்து வருட வலி இரண்டே நாளில் பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். மூட்டுவலிக்கென்று விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்புவது, பசி அதிகமாவது, சர்க்கரையும் பிரஷரும் எகிறுவது இதன் அடையாளங்கள். அப்படிப்பட்ட பொடியை மாதக்கணக்கில் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் போய், படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

மலச்சிக்கல், நெஞ்செரிச்சல்?

இசப்கோல் நல்ல தேர்வு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. நிலாவாகை சேர்ந்த சூரணங்களை வாரக்கணக்கில் தொடர வேண்டாம், பொட்டாசியம் குறையும். அவிபத்திகர சூரணத்தில் பேதியாக்கும் சிவதையும் கணிசமான சர்க்கரையும் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கல், மலத்தில் ரத்தம், எடைக்குறைவு, விழுங்கும்போது அடைப்பு என்றால் சூரணத்தைத் தேடாமல் பரிசோதனைக்குப் போங்கள்.

சளி, இருமல், காய்ச்சலுக்கு?

சாதாரணச் சளி ஒரு வாரத்தில் தானாகவே போகும், அதுவரை கஷாயம் இதமாக இருக்கும். ஆடாதோடையின் வாசிசைன் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் சளியைக் கரைக்கும் ப்ரோம்ஹெக்சின் மாத்திரையே உருவானது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஆடாதோடை வேண்டாம், கருப்பையைச் சுருங்கச் செய்யும். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், மூச்சிரைப்பு, இருமலில் ரத்தம், இரண்டு வாரம் தாண்டிய இருமல் எல்லாவற்றுக்கும் டாக்டர்தான். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை விடக்கூடாது.

தூக்கமின்மை, மன அழுத்தம்?

அஸ்வகந்தா வேர் தூக்கத்துக்கும் மனப் பதற்றத்துக்கும் ஓரளவு உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, அவை பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் முடிந்தவை. தூக்க மாத்திரையோடு சேர்த்தால் மயக்கம் கூடும். காலையில் வண்டி ஓட்டுபவர்கள் யோசிக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகளைத் தானாக நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவது மிகவும் ஆபத்தானது.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா?

கீழாநெல்லியின் பேர் சும்மா வந்ததில்லை, ஆனால் காரணம் நாம் நினைப்பது இல்லை. ஹெபடைட்டிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குணமாகும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பாராட்டு. ஹெபடைட்டிஸ் பி வைரஸை விரட்டுகிறதா என்று சென்னையில் செய்த ஆய்வு 1988ல் லான்செட் இதழில் வந்து பெரிய நம்பிக்கை கொடுத்தது: கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்ததாகச் சொன்னது. பிறகு நடந்த ஆய்வுகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை.

காமாலை என்பது ஒரு அறிகுறி மட்டுமே. பித்தப் பாதையில் கல், கணையத்தில் கட்டி, மருந்தால் வந்த கல்லீரல் பாதிப்பு, எலிக் காய்ச்சல் எல்லாவற்றிலும் கண் மஞ்சளாகும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்து என்ன காமாலை என்று தெரிந்துகொண்ட பிறகு, டாக்டருக்குச் சொல்லிவிட்டு எதுவும் செய்யுங்கள். பேச்சு குழறினாலோ, பகலில் தூங்கி வழிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு.

பஸ்மங்களில் ஈயம், பாதரசம் இருக்கிறதா?

சில மருந்துகளில் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது, சிலவற்றில் அசுத்தமாக நுழைகிறது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த ஆய்வு 2008ல் வெளியானது. ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உலோகம் சேர்த்துச் செய்யும் ரச மருந்துகளில் இந்த விகிதம் மற்றவற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 2011-12ல் நியூயார்க்கில் ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நச்சு இருந்தது தெரியவந்து, அதற்கு அவர்கள் எடுத்த ஆயுர்வேத மாத்திரைகள் காரணம் என்று பதிவானது.

முறைப்படி புடம் போட்டு (மூடிவைத்து நெருப்பில் எரித்து)ச் சுத்தி செய்தால் நச்சு போய்விடும் என்பது வைத்தியர்களின் நிலைப்பாடு. புடம் போடுவதால் உலோகத்தின் வடிவம் மாறலாம், அந்தத் தனிமம் அங்கேயேதான் இருக்கும். ஈய நச்சு வந்தவர்களின் ரத்தத்தில் அது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. அதனால் என் கருத்து திட்டவட்டமானது: கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள் ரச மருந்துகளையும் உலோக பஸ்மங்களையும் தொடவே வேண்டாம். மற்றவர்கள் வெறும் மூலிகையால் ஆன மாற்றைக் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் கிடைக்கும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்து, அவ்வப்போது வந்துபோகும் வயிற்று வலி, பிடிவாதமான மலச்சிக்கல், ரத்தசோகை, கை மணிக்கட்டில் பலவீனம் என்று இருந்தால், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் எடுத்து ஒன்றும் தெரியாமல் அலைபவர்களுக்கு இந்த ஒரு ரத்தப் பரிசோதனை விடை சொல்லிவிடக்கூடும்.

பஞ்சகர்மா (பேதி, வாந்தி போன்றவற்றால் உடம்பைச் சுத்தம் செய்யும் ஆயுர்வேத சிகிச்சை) செய்துகொள்ளும்போது மாத்திரைகளை என்ன செய்வது?

முதல் நாளே பட்டியலைக் கொடுங்கள். விரேசனம் (பேதி) அன்று உடம்பில் நீர் குறையும். அந்த நிலையில் சிறுநீர் மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள், மெட்ஃபார்மின், டபாகிளிஃப்ளோசின், லித்தியம் ஆகியவை வழக்கமான அளவில் உள்ளே போனால் சிறுநீரகம் அடிபடவோ, மருந்து உடம்பிலேயே தேங்கவோ கூடும். பத்திய உணவு குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு முழு அளவு இன்சுலின் போட்டாலும் ஆபத்து. எதை எத்தனை நாள் நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவதுதான் சரி. ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தமோட்சணமும் (ரத்தத்தை வெளியேற்றுவது) அட்டைவிடுதலும் கூடாது. இதய பலவீனம் உள்ளவர்களுக்கு வமனம் (வாந்தி) கூடாது.

கர்ப்பிணிகள், குழந்தைகள்?

கர்ப்ப காலத்தில் மகப்பேறு மருத்துவருக்குத் தெரியாமல் ஒரு சூரணமும் வேண்டாம். அஸ்வகந்தாவும் குக்குலுவும் தவிர்க்க வேண்டியவை. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்த மருந்தையும் தேனில் குழைத்துக் கொடுக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதில் நரம்புகளைச் செயலிழக்க வைக்கும்.

ஆபரேஷனுக்கு முன்?

இரண்டு வாரம் முன்பே உள்ளுக்கு எடுக்கும் மூலிகைகளை நிறுத்துங்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் என்ன எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

புற்றுநோய் சிகிச்சையோடு?

வாய்க்கு ருசி, தூக்கம், மலம் கழிதல் போன்ற தொல்லைகளுக்குப் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிந்து எடுக்கலாம். கீமோ நடக்கும் நாட்களில் நோயெதிர்ப்பு லேகியங்களும் மஞ்சள் மாத்திரைகளும் வேண்டாம். இரண்டையும் சேர்த்து எடுப்பதைவிடப் பெரிய ஆபத்து, முக்கிய சிகிச்சையைத் தள்ளிப்போடுவது. குணமாகக்கூடிய புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பியவர்களின் இறப்பு விகிதம், வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைப்போல் சுமார் இரண்டரை மடங்கு என்று 2018ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. முதல் கட்டத்தில் இருந்த கட்டி "மூன்று மாதம் மருந்து சாப்பிட்டுப் பார்ப்போம்" என்ற பேச்சில் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விடலாம்.

ஆயுர்வேதம் ஆங்கில மருத்துவத்தை முந்தும் இடம் ஏதாவது உண்டா?

உண்டு. ஆசனவாய்க்குப் பக்கத்தில் புரையாக வரும் பௌத்திரத்துக்கு க்ஷார சூத்திர சிகிச்சை. நாயுருவிச் சாம்பலின் காரம், கள்ளிப்பால், மஞ்சள் பூசிய நூலைப் புரைக்குள் செலுத்திக் கட்டி, வாராவாரம் மாற்றுவார்கள். நூல் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே வர, பின்னாலேயே புண் ஆறிக்கொண்டே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டு 1991ல் முடிவை வெளியிட்டது. ஆறுவதற்கு நூலில் 8 வாரம், கத்தியில் 4 வாரம் ஆனது. ஆனால் ஒரு வருடத்துக்குள் மறுபடி வந்தது நூலில் 4 சதவீதம், கத்தியில் 11 சதவீதம். ஆயுர்வேதத்தின் பக்கம் நின்று பேச விரும்புபவர்கள் எதிர்ப்புச் சக்தி விளம்பரங்களை விட்டுவிட்டு இந்த மாதிரி வேலைகளைப் பற்றிப் பேசலாம்.

உடம்பு நன்றாக இருக்கிறது, ஆங்கில மாத்திரையை நிறுத்தலாமா?

நன்றாக இருப்பது அந்த மாத்திரையாலும் இருக்கலாம். பீட்டா பிளாக்கர் (ப்ராப்ரனலால் போன்ற இதய மாத்திரை), வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, இன்சுலின், ஸ்டென்ட்டுக்குப் பின் எடுக்கும் ரத்த மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. குறைக்க ஆசையிருந்தால் ஆசையை டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷர், சர்க்கரை அளவுகளை எழுதிய நோட்டோடு போனால் பல டாக்டர்கள் யோசிக்கத் தயாராகவே இருக்கிறார்கள்.

சித்த மருந்துகளுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். சித்தத்தில் உலோகம், பாடாணம் (நச்சுக் கனிமம்) சேர்ந்த மருந்துகள் இன்னும் அதிகம் என்பதால் மேலே பஸ்மங்களைப் பற்றிய பகுதியைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

நல்ல வைத்தியரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முறையாகப் படித்துப் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்பாரா, மருந்தின் பெயரை எழுதிக் கொடுப்பாரா, "இது என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்வாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் நம்பிப் போகலாம். மருந்து டப்பாவில் உட்பொருட்கள், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண் இருக்க வேண்டும். "மருந்தின் ரகசியம் சொல்ல மாட்டேன்" என்பவரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள்.

எடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால்?

கடைசியாகச் சேர்த்த மூலிகையை முதலில் நிறுத்துங்கள் (ஸ்டீராய்டு கலப்பு என்று சந்தேகப்பட்டால் மட்டும் மேலே சொன்னபடி டாக்டரைப் பார்த்துவிட்டு). நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, மூச்சுத் திணறல், முகமும் உதடும் வீங்குவது, கறுப்பு மலம் என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது அந்த டப்பாவையும் மீதியிருக்கும் பொடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் குப்பையில் போட்டுவிட்டால் என்ன கலந்திருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு ஸ்பூன் மீதி இருந்தால் கூட ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுக்கலாம்.